துரை பாவித்த கார்: பழைய வாகனச் சந்தையின் தேய்ந்த சொற்கள்

“நுவரெலியா கார். துரை பாவித்தது. முழுக்க ஒரிஜினல். விண்டேஜ். மின்ட் கண்டிஷன். இனிக் கிடைக்காது.”

1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்றுக்கு எழுதப்பட்டிருந்த விளம்பரம் இது. ஆறு பெருமைகள் இருந்தன. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்குமா என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நண்பர் ஒருவர் அதைக் காட்டி, பார்க்கப் போகலாம், நீயும் வா என்றார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் தோட்டத்து பங்களாவில், தோட்டத்தை நடத்திய வெள்ளைத் துரையின் மொரிஸைக் கழுவித் துடைத்தவர். ஒருநாளும் அதில் ஏறி உட்கார்ந்ததில்லையாம். ஆகவே ‘துரை’ என்ற சொல்லைத் தாண்டி நண்பரின் கண் நகரவில்லை. இப்படிப்பட்டவர்கள் வாசிப்பார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தலவாக்கலைக்கு அப்பால், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் கார் பளபளத்து நின்றது. நான் சட்டைப் பையில் சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். கதவில் வைத்தேன், ஒட்டியது. மட்கார்டில் வைத்தேன், ஒட்டியது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியில் வைத்தேன்; வழுக்கித் தரையில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், மறுபடியும் விழுந்தது. அங்கே இரும்பு இல்லை. துரு தின்ற ஓட்டையில் பட்டி என்னும் நிரப்புப் பசையை அப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். பின்பக்கம் குனிந்து, வில்பட்டைகளின் முன்முனை உடலோடு சேரும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லக் குத்தினேன். பிஸ்கட்டில் குத்தியதுபோல் உள்ளே போனது. மொரிஸ் மைனருக்குச் சேசி என்னும் அடிச்சட்டம் தனியாகக் கிடையாது, உடல்தான் எலும்புக்கூடு. இந்த இடம் போய்விட்டால் பின் அச்சு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

“இந்த வயதில் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், சேர். துரை பாவித்த கார் அல்லவா!” என்றார் விற்பவர். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே என்ன தொடர்பு என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இந்தச் சொற்களில் பல வெளிநாட்டு ஏல மண்டபங்களிலிருந்து இறக்குமதியானவை. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுகோல் இருந்தது; கப்பல் ஏறும்போது சொல் மட்டும் ஏறியது, அளவுகோல் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. ‘விண்டேஜ்’ நல்ல உதாரணம். இங்கிலாந்தில் 1934இல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கழகத்தாரின் கணக்கில் 1930ஆம் ஆண்டுக்குள் செய்யப்பட்ட காருக்குத்தான் அந்தப் பெயர். முதலாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1930 வரை, அவ்வளவுதான். அதற்கும் முந்திய, 1904 வரையிலான வண்டிகளுக்கு ‘வெட்டரன்’ என்று வேறு பெயர் உண்டு. மொரிஸ் மைனர் சந்தைக்கு வந்ததே 1948இல். மினி 1959இல். நம் விளம்பரங்களிலோ 1970களின் லான்சரும் விண்டேஜ்தான். ‘கிளாசிக்’ என்பதற்கு அந்த அளவுக்குக்கூட வேலி இல்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 30 வயதைக் கோடாக வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 1990களின் தொடக்கத்தில் வந்த ஜப்பான் கார்கள் இப்போது கூட்டம் கூட்டமாக உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. விற்பவர்களுக்கு இன்னும் இது எட்டவில்லை என்று நினைக்கிறேன். எட்டினால் விலை ஏறிவிடும்.

‘மின்ட் கண்டிஷன்’ நாணயம் சேர்ப்பவர்களின் சொல். நாணயசாலையிலிருந்து வந்தபடியே, ஒரு கையும் படாமல் இருக்கும் காசு என்று பொருள். ரம்பொடை வளைவுகளில் அறுபது வருடம் ஏறி இறங்கிய காருக்கு அதைச் சொல்வது, ஏழு பிள்ளை பெற்ற பாட்டியைக் கல்யாணப் பெண் என்பதைப்போல. பாட்டி அழகாக இருக்கலாம். அது வேறு விஷயம்.

‘அரிது’ என்பதற்குக் கணக்குப் பார்ப்பது எளிது. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36 வண்டிகள். 2018இல் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டொலருக்கு ஏலம் போனது. மொரிஸ் மைனர் ஏறத்தாழ 16 லட்சம், மினி 50 லட்சத்துக்கும் மேல், வொக்ஸ்வாகன் பீட்டில் 2 கோடிக்கும் மேல் செய்யப்பட்டன. நம் மலையில் ஓடிய பழைய கார்களில் பெரும்பாலானவை அரிதாக இருக்கவேண்டும் என்று செய்யப்பட்டவை அல்ல. சாதாரண மனிதர் வாங்கும் விலையில், கைக்கு எட்டும் கருவியால் பழுது பார்க்கும்படி செய்யப்பட்டவை. அதனால்தான் இன்னும் இருக்கின்றன.

‘நம்பர் ஒத்துப்போகிறது’ என்பது சிக்கலான சொல். அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியிலிருந்து இன்ஜினிலும் காரின் அடையாள இலக்கத்தின் ஒரு பகுதியைப் பொறிக்கும் வழக்கம் பரவியது. ஆகவே அங்கே ‘ஒத்துப்போகிறது’ என்றால், இந்த இன்ஜின் இந்தக் காரோடு பிறந்தது என்று அர்த்தம். அதற்கு விலை வைத்ததும் பழைய எண்ணைத் தேய்த்து அழித்துப் புதிதாகப் பொறிக்கும் கைகாரர்களும் கூடவே வந்தார்கள். பிரிட்டிஷ் கார்களின் கதை வேறு. மொரிஸில் சேசி எண் ஒரு வரிசை, இன்ஜின் எண் இன்னொரு வரிசை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. அவை சோடிதானா என்று அறிய, இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்குப் பணம் கட்டித் தொழிற்சாலைப் பதிவேட்டின் சான்றிதழை வாங்கவேண்டும். எந்த நாளில் செய்யப்பட்டது, என்ன நிறம், எந்த எண் இன்ஜின் என்று அதில் இருக்கும். நம் ஊரில் ‘நம்பர் ஒத்துப்போகிறது’ என்பவர் சொல்வது, இன்ஜினில் இருக்கும் எண்ணும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண்ணும் ஒன்று என்பதை மட்டுமே. அதுவும் நல்ல செய்திதான். பொலிஸ் மறித்தால் பயமில்லை. ஆனால் மூன்றாவது முறை மாற்றிய டட்சன் இன்ஜினையும் முறையாகப் பதிந்திருந்தால் இந்த எண்களும் ஒத்துத்தான் போகும்.

இங்கேதான் ‘ஒரிஜினல்’ என்ற பெரிய சொல்லுக்கு வருகிறோம்.

1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு இறக்குமதியை இறுக்கியது. புதுக் கார் வருவது ஏறக்குறைய நின்றது, உதிரிப்பாகமும் அருமையானது. 1970 முதல் 1977 வரை அந்த இறுக்கம் உச்சத்தில் இருந்ததை வீட்டுப் பெரியவர்கள் அரிசியையும் துணியையும் வைத்துச் சொல்வார்கள். கராஜ்காரர்கள் புஷ்ஷையும் பேரிங்கையும் வைத்துச் சொல்வார்கள். அந்த வருடங்களில் ஹட்டனிலும் பதுளையிலும் கண்டியிலும் இருந்த லேத் பட்டறைகள்தாம் தொழிற்சாலை. முன்சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின் தேய்ந்தால் கடைந்தார்கள். மட்கார்டு உக்கினால் பீப்பாய்த் தகட்டை அடித்து வளைத்தார்கள். இன்ஜின் போனால், விபத்தில் சிக்கிய வேறொரு காரின் இன்ஜினைத் தாங்கி மாற்றி இறக்கினார்கள். 1977க்குப் பிறகு ஜப்பான் வண்டிகள் வந்தபோது, மொரிஸுக்குள் டட்சன் இன்ஜினும் லேண்ட் ரோவருக்குள் இசுசு டீசல் இன்ஜினும் குடியேறின. இந்தக் கைத்திறன் பின்னாளில் ஊரை விட்டும் போனது: மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியிருக்கின்றன.

ஆகவே இந்த மலையில் இன்றும் ஓடும் 1950களின் கார் ஒன்று ‘முழுக்க ஒரிஜினல்’ என்றால், நான் முதலில் கேட்பது இது: நடுவில் எத்தனை வருடம் ஓடாமல் கிடந்தது? ஓடிய கார் மாறியிருக்கும். மாறாத கார் ஓடியிருக்காது. விதிவிலக்கு உண்டு, நான் இரண்டு கார்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டும் விற்பனைக்கு இல்லை.

அசல் எது என்ற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி காரை ‘ஓல்ட் நம்பர் வன்’ என்பார்கள். அதை ஒரு கோடி பவுணுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கினார்கள். பந்தயத்துக்குப் பந்தயம் சேசி மாறி, இன்ஜின் மாறி, உடல் மாறி, விபத்தில் சிக்கி மறுபடியும் கட்டப்பட்ட வண்டி அது. 1990இல் லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி ஓட்டன் தீர்ப்புச் சொன்னார். லெ மானில் வென்ற அன்று இருந்த பாகங்களெல்லாம் இதில் இல்லை, ஆகவே அந்தக் கருத்தில் இதை அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் மாற்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தன, அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை, ஆகவே இது மெய்யான ஓல்ட் நம்பர் வன் தான் என்பது தீர்ப்பின் சாரம். விற்றவர் வென்றார். நம் கராஜ்களில் டிங்கர் வேலை செய்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். அவர்களுடைய கார்களின் கதையும் அதுதானே. ஆனால் விளம்பரம் எழுதுகிறவருக்கு அறுபடாத கதை வேண்டாம். மாறாத இரும்பு இருப்பதாகச் சொல்லிவிட்டால் போதும்.

‘துரை பாவித்தது’ என்பதும் இதே சங்கதிதான். ‘டாக்டர் பாவித்தது’, ‘பெண் ஓட்டியது’, ‘ஒரே கை’ எல்லாம் அதன் தங்கச்சிமார். காரின் நிலையைச் சொல்லாமல் காருக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கும் சொற்கள் இவை. வெள்ளைத் துரைமாரின் கார்கள் இங்கே நிறைய இருந்தன என்பது உண்மை. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபோது அவர்கள் மூட்டை கட்டினார்கள். காரை விட்டுப்போனார்கள், விற்றுப்போனார்கள். அதற்குப் பிறகு கழிந்தது ஐம்பது வருடம். 1960ஆம் ஆண்டுக் காரைத் துரை பாவித்தது அதிகம் போனால் பதினைந்து வருடம். மிச்சத்தை ஓட்டியவர்கள் யார்? நாவலப்பிட்டியில் வாடகைக்கு ஓட்டியவர், கம்பளையில் மரக்கறிக் கூடை ஏற்றியவர், ஹப்புத்தளையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆறுபேராக அடைத்துக் கொண்டுபோனவர். துரையின் காலத்திலும் காரை ஓட்டியது தொழிலாளர் லயத்திலிருந்து வந்த டிரைவர், கழுவியது என் நண்பரின் அப்பா மாதிரி ஒருவர். விளம்பரத்தில் இவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

‘மலைநாட்டு வண்டி, கடற்காற்று படவில்லை’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கொழும்பின் உப்புக்காற்று இங்கே இல்லை. ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவின் மூடுபனி இருக்கிறது. நாள்கணக்கில் காயாத ஈரம் இருக்கிறது. கம்பளத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் தரைத் தகட்டை மெதுவாகத் தின்கிறது. லேண்ட் ரோவரை விற்பவர் அதன் உடல் அலுமினியம், துருவே பிடிக்காது என்பார். உண்மைதான், போர் முடிந்த காலத்தில் இரும்புத் தகட்டுக்குப் பஞ்சம் என்பதால் 1948இல் அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆனால் சேசி இரும்பு. டிரைவரின் கால் படும் முன்சுவரும் இரும்பு. உடல் பளபளக்க, கீழே பின் குறுக்குச் சட்டம் உக்கிப்போயிருக்கும்.

மலை தேய்க்கும் இடங்களே வேறு. மொரிஸின் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் மிதி பஞ்சுபோல் போகும். முதல் கியருக்கு ஒத்திசைவு வளையம் இல்லை. வண்டி முழுதாக நிற்காமல் முதல் கியர் போட்டால் பல் அரைபடும். நம் கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை முறை அப்படிப் போட்டிருப்பார்கள்! முன்சக்கரத்தின் கீழ்மூட்டு மரை போட்ட உலோகத் துண்டு. கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் பக்கவாட்டில் மடிந்து படுத்துவிடும். கிரீஸ் அடித்தது எப்போது என்று எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை. ‘குறைந்த மைலேஜ்’ என்று கண்டிருக்கிறேன். அந்த மீற்றரில் ஐந்து இலக்கம்தான். 99,999 மைலுக்குப் பிறகு மறுபடியும் பிறந்த குழந்தை.

‘கொட்டகையில் கண்டெடுத்தது’ என்பதும் இப்போது வந்திருக்கிறது. பிரான்ஸில் 2014இல் வெளிவந்த பாயோன் குடும்பச் சேகரிப்பு இந்தச் சொல்லுக்குப் பெரிய மவுசைக் கொடுத்தது: பழைய சஞ்சிகைக் குவியலின் கீழ் கிடந்த ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் 2015 பெப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் 1 கோடி 60 லட்சம் யூரோவைத் தாண்டியது. தூசியைத் துடைக்கவே இல்லை. அதன் பின் தூசியே சரக்காகிவிட்டது. காலத்தின் பூச்சை அழிக்காதே என்பது ஒரு கொள்கையாகிவிட்டது. ஃபெராரிக்கு அது பொருந்தும். கொட்டகலைப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருபது மழைக்காலம் கிடந்த ஒஸ்டினில் இருப்பது காலத்தின் பூச்சு இல்லை. துரு.

இலக்கத் தகட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘ஸ்ரீ நம்பர்’ என்றாலே இப்போது தனி மதிப்பு. ‘சீஎன்’, ‘ஈவை’ போன்ற ஆங்கில எழுத்துத் தகடாக இருந்தால் இன்னும் மேலே. ஸ்ரீ தகடு சிங்கள எழுத்தில் வந்தது 1956ஆம் ஆண்டு மொழிச் சட்டத்துக்குப் பிறகு. தமிழர்கள் அதன்மேல் தார் பூசினார்கள். 1958 இனக்கலவரத்தில் நாடு பற்றி எரிவதற்கு முன்னால் நடந்தவற்றில் இந்த எழுத்துப் போராட்டமும் ஒன்று, அதன் சூடு மலையகத் தோட்டங்கள் வரை எட்டியது. இப்போது தமிழர் ஒருவர் தமிழர் இன்னொருவருக்கு எழுதும் விளம்பரத்தில் ‘ஸ்ரீ தகடு, ஒரிஜினல் பெயின்ட்’ என்று வருகிறது. கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரியை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியாத ஒன்று வருகிறது.

‘முதலீடு’ என்ற சொல் புதுசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ஓடும் எதற்கும் விலை ஏறியது, பழசும் அந்த வெள்ளத்தில் மிதந்து மேலே வந்தது. வெள்ளத்தில் மேலே வந்ததையெல்லாம் ‘முதலீடு’ என்று எழுதிவிட்டார்கள். தங்கத்தை அலமாரியில் வைத்துப் பூட்டலாம், அது சோறு கேட்காது. மொரிஸ் கேட்கும். இந்தச் சந்தையில் சொல் எப்படி உருமாறும் என்பதற்கு ‘ரீகண்டிஷன்’ ஒன்றே போதும். பிரித்துப் பழுதுபார்த்துப் புதிதாக்கியது என்பது அதன் நேர்ப்பொருள். இங்கே, ஜப்பானில் பாவித்து இங்கே இன்னும் பதியாத வண்டி என்று பொருள். பிரித்தவர் யாருமில்லை.

காகிதம் பற்றி ஒரு வார்த்தை. ‘ஓப்பன் பேப்பர்’ என்றால் உரிமை மாற்றப் படிவத்தில் பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயர் இல்லாமல் கைக்குக் கை போவது. கையெழுத்துப் போட்டவர் இறந்திருந்தால், அல்லது இந்தியாவுக்கோ கனடாவுக்கோ போயிருந்தால், துரை பாவித்த கார் உங்கள் வீட்டு முற்றத்து அலங்காரம்.

தலவாக்கலைக் காரை நண்பர் வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஹட்டனில் பாஸ் ஒருவரிடம் போனோம். டச்சுக்காரர் விட்டுப்போன இந்தச் சொல்லால்தான் கைவேலைக்காரரை இங்கே அழைப்போம். அவரும் ஒரு மொரிஸ் விற்கிறார் என்று கேள்வி. கராஜ் சுவரில் சாக்கட்டியால் எழுதியிருந்தார்: இன்ஜின் டட்சன், பதிவுப் புத்தகத்தில் பதிந்தது. தரை போன வருடம் நான் போட்டது. இடது கதவு வேறு காருடையது. ஹீட்டர் இல்லை. வைப்பர் மெதுவாக ஓடும். காந்தத்தை எடுத்தேன். பார்த்துச் சிரித்தார். “வலது பின் மட்கார்டில் ஒட்டாது தம்பி, அதில் பட்டி இருக்கிறது. மற்ற இடத்தில் வைத்துப் பாருங்கள்.” வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் மட்டும் விழுந்தது.

நண்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார், இது எந்தத் தோட்டத்துத் துரையுடையது என்று.

“துரையா? என் மாமனார் பொகவந்தலாவைக்கு ஹயர் ஓடிய கார்” என்றார் பாஸ். விலையில் ஐயாயிரமும் குறைக்கமாட்டேன் என்றார். நண்பர் அடுத்த ஞாயிறும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் போனார்.